காரின் டிரைவ் ஷாஃப்டும் மூன்று செல்களும்

கார் ஷாஃப்டுக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? என் அனுபவத்தைக் கேளுங்கள்.

சென்ற மாதம் மயிலாப்பூர் லஸ் கார்னரில் சிக்னல் விழுந்ததும் காரை எடுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, கார் நகரவில்லை. தி.நகரில் உள்ள எங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "டிரைவ் ஷாஃப்ட் உடைஞ்சிருக்கு சார். புதுசு விலை அதிகம். லேத் பட்டறையில எம்.எஸ். ராடு வாங்கிக் கடைஞ்சு போட்டுடலாம், பாதிச் செலவுதான்" என்றார். நாளை சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். தினமும் மகளைப் பள்ளியில் விடும் கார் ஆயிற்றே!

கம்ப்யூட்டரை ஆன் செய்து என்.பி.டி.இ.எல். தளத்துக்குப் போனேன். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் 2003-ல் தொடங்கிய இலவசப் பாடத் திட்டம் இது. நம் அடையாறு பக்கத்து சென்னை ஐ.ஐ.டி.யின் பாடங்களும் இதில் உண்டு. உலோகவியல் பாடங்களைப் பார்த்தபின் எக்செல்லைத் திறந்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

இன்ஜின் தரும் முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் அது 3.5 மடங்கு, அடுத்து டிஃபரன்ஷியலில் 4 மடங்கு ஆகிறது. மொத்தம் 1400. இரண்டு ஷாஃப்டுக்கும் பிரித்தால் ஆளுக்கு 700. இதை மில்லிமீட்டர் கணக்கில் 700000 என்று ஏ1 செல்லில் அடியுங்கள். ஷாஃப்டின் விட்டம் 25 மி.மீ.யை ஏ2-ல் அடியுங்கள். ஏ3-ல் =16*ஏ1/(3.1416*ஏ2^3) என அடித்து என்டரைத் தட்டுங்கள். (செல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) 228 என்று விடை வரும். ஷாஃப்டின் மேற்பரப்பு தாங்க வேண்டிய அழுத்தம் இவ்வளவு மெகாபாஸ்கல்.

சாதாரண எம்.எஸ். இரும்பு முறுக்கில் சுமார் 145-லேயே வளைந்து கொடுத்துவிடும். ஏ2-ல் 30 என்று மாற்றினால் விடை 132. தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். திடீர் உலுக்கலுக்கு இடமே இல்லை, அந்தத் தடிமன் காரில் பொருந்தவும் செய்யாது.

அதே 25 மி.மீ.யில் இஎன்24 என்ற எஃகு, முறையாகப் பதப்படுத்தினால், 370-க்கும் மேல் தாங்கும். அதில் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்திருக்கும். சுமார் 840 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி எண்ணெயில் தோய்ப்பார்கள். மெதுவாகக் குளிரும் நடுப்பகுதியும் இறுக இந்தக் கலவை உதவுகிறது. ஆனால் அப்போது எஃகு கண்ணாடி போல் நொறுங்கும். எனவே சுமார் 600 டிகிரியில் மறுபடி சூடாக்கி டெம்பர் செய்கிறார்கள். கடினம் கொஞ்சம் குறைந்து உறுதி வருகிறது. கலவை மட்டும் இருந்து இந்தப் பதம் இல்லாவிட்டால் கொடுத்த காசு வீண்.

இதில் நமக்கும் பங்குண்டு. தென்னிந்தியாவிலிருந்து போன 'வூட்ஸ்' எஃகை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, அதைத் தொடர்ந்து நிக்கல், வெள்ளி போன்றவற்றை எஃகில் கலந்து பார்த்து 1820-ல் கட்டுரை வெளியிட்டார்.

மறுநாள் மெக்கானிக்கிடம் அந்த எண்களைக் காட்டினேன். "அப்போ புதுசே போட்டுடலாம் சார்" என்றார். கூடுதலாகச் செலவானது உண்மைதான். இப்போது மகளோடு நிம்மதியாகப் போய் வருகிறேன்.

உங்களிடம் யாராவது "கடைஞ்சு போட்டுடலாம்" என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன எஃகு? ஹீட் ட்ரீட்மென்ட் ஆனதா?