காற்றுக்கு வழிவிடும் பந்தல்

பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று நம் ஊர்ப்பக்கம் இன்றும் சொல்வார்கள். பங்குனி, சித்திரை வெயில் இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். 2016 ஏப்ரல் 24-ந் தேதி இந்நகரில் 39.2 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. துணி துவைப்பதும் பாத்திரம் துலக்குவதும் குழந்தைகள் விளையாடுவதும் கொல்லையில்தான் என்றால், அங்கே நிழல் அவசியம்.

ஆனால் இங்கே கோடையில் காற்றும் கூடவே வருகிறது. பகலெல்லாம் புழுங்கும், மாலையில் வானம் கறுத்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு இடிமழை வரும். மழைக்கு முன்னால் வீசும் அந்தச் சில நிமிடக் காற்றுதான் பந்தலைப் பிடுங்குகிறது. பறந்த தகரம் பக்கத்து வீட்டுக் குழந்தைமேல் விழுந்தால்? மின்கம்பியில் சிக்கினால்?

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். பத்தடிக்குப் பத்தடி தார்ப்பாயில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் சுமார் 40 கிலோ எடைக்குச் சமமான விசை. அதுவே 60 கிலோமீட்டரானால் சுமார் 160 கிலோ! ஒரு பக்கம் சுவர் மறைத்த கொல்லையில், உள்ளே புகுந்த காற்று போக வழியின்றிக் கூரையை மேல்நோக்கித் தூக்கும்.

எதைப் போடலாம்?

தகரம் பல ஆண்டு உழைக்கும். ஆனால் வெயிலில் கொதிக்கும், பிய்ந்தால் கத்தியாகும். ஆஸ்பெஸ்டாஸ் உடைந்தால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. தார்ப்பாய் காற்றைப் பாய்மரம் போலப் பிடிக்கும். மழைநீரும் அதில் தேங்கும். பத்தடிச் சதுரத்தில் ஓர் அங்குலம் நீர் நின்றாலே 230 கிலோவுக்கு மேல் பாரம்.

வெயிலுக்கு மட்டும் நிழல் போதும் என்பவர்களுக்கு ஏற்றது, நாற்றுப் பண்ணைகளில் கட்டும் பச்சை நிழல்வலைதான். காற்றில் ஒரு பகுதி கண்கள் வழியே போய்விடும், மழைநீரும் தேங்காது. 50, 75, 90 சதவீதம் என்று கேட்டு வாங்கலாம். எண் கூடினால் நிழல் கூடும். காற்று பிடிப்பதும் கூடும். கொல்லைக்கு 75 போதும். துணி உலர்த்தும் இடத்துக்கு 50. புற ஊதாக் கதிரைத் தாங்கும் வலையா என்று கேளுங்கள். இல்லையேல் வெயிலிலேயே இற்றுவிடும்.

கட்டும் முறை

பந்தல் விழுவது பெரும்பாலும் துணியால் அல்ல, கட்டினால்தான். வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து, உள்ளே கயிறு கோத்துத் தையுங்கள். நான்கு மூலையில் மட்டும் கட்டாமல் இரண்டடிக்கு ஒரு கட்டுப் போடுங்கள். தொய்வு கூடாது, தொய்ந்த வலை படபடத்தே கிழியும். எட்டடி உயரம் வேண்டுமானால் பத்தடி இரும்புக் குழாய் வாங்கி, இரண்டடி மண்ணில் இறக்கிக் கான்கிரீட் போடுங்கள். தண்ணீர்க் குழாயிலும் தளர்ந்த மதில் சுவரிலும் கட்டாதீர்கள். வாடகை வீடாக இருந்தால், குழி தோண்டுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

முடிச்சுகளைச் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள். வானம் கறுத்ததும் ஒருவரே ஐந்து நிமிடத்தில் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். தகரத்தில் இது முடியாது.

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போவது ஏப்ரல், மே மாதங்களில்தான். இங்கே காற்று அடிப்பதும் அப்போதுதான். கதவைப் பூட்டுமுன் காஸ் அடுப்பைப் பார்க்கிறோம், குழாயைப் பார்க்கிறோம். கொல்லைப் பக்கமும் ஒரு நடை போய், வலையைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.