உள்ளே இருந்து எழுந்த குரல்

"அந்தர்ஜனம்" என்றால் "உள்ளே இருப்பவள்" என்று பொருள். கேரளத்து நம்பூதிரிப் பெண்களை அவ்வாறே அழைத்தனர். அப்பெயரைத் தாங்கியே மலையாள இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்றவர் லலிதாம்பிகா அந்தர்ஜனம்.

பிறப்பும் கல்வியும்

இவர் 1909-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள், புனலூரை அடுத்த கோட்டவட்டத்தில் பிறந்தார். பெண் பிறந்ததே என்று முதலில் வருந்திய தந்தையே பின்னர் வீட்டிற்கு ஆசிரியரை வரவழைத்து மகளுக்குக் கல்வி அளித்தார். பள்ளிக்கூடத்தின் படியை லலிதாம்பிகா மிதித்ததில்லை. புத்தகங்களே அவருக்குத் தோழிகள். தாகூரின் எழுத்துகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

அக்காலக் கொடுமைகள்

நம்பூதிரிக் குடும்பங்களில் மூத்த மகன் மட்டுமே தன் குலத்தில் மணம் செய்யலாம். ஆதலால் பல பெண்கள் கன்னியராகவே காலம் கழித்தனர். பலர் முதியவர்களுக்கு மனைவியராகி, இளமையிலேயே விதவையராயினர். வெளியே செல்லும்போது உடலைத் துணியால் போர்த்தி, முகத்தை ஓலைக்குடையால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

துணிவும் தொண்டும்

கணவர் நாராயணன் நம்பூதிரி இவருக்கு உறுதுணையாக நின்றார். ஒரு நாள் கணவருடன் கூட்டத்திற்குச் சென்றபோது, லலிதாம்பிகா குடையையும் போர்வையையும் எறிந்துவிட்டார். குடையை எறிவது சிறு செயலா? சுற்றத்தார் முகம் சுளிக்க, பெற்ற தாய் கண்ணீர் வடிக்க, அவர் உறுதியாக நின்றார். விதவை மறுமணத்தை ஆதரித்து நாடகம் எழுதினார். ஏழு மக்களை வளர்த்துக்கொண்டே, அடுக்களைக்குள் அடங்கிக் கிடந்த துயரங்களைச் சிறுகதைகளாக்கினார்.

அக்கினிசாட்சி

1976-இல் வெளிவந்த "அக்கினிசாட்சி" நாவல் இவருக்குப் பெரும்புகழ் தந்தது. கட்டுப்பாடு மிக்க இல்லத்தில் வாழ இயலாமல் வெளியேறி, நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டு, பின்னர் துறவியாகும் ஒரு பெண்ணின் கதை அது. 1977-இல் மத்திய சாகித்திய அக்காதெமிப் பரிசும், முதலாவது வயலார் விருதும் அதற்குக் கிடைத்தன. 1987 பிப்ரவரி 6-ஆம் நாள் இவர் மறைந்தார்.

முடிவுரை

அன்புத் தோழியரே! நாள்தோறும் நாம் காணும் கரும்பலகையும் வகுப்பறையும் அவருக்குக் கிட்டவில்லை. எனினும் கிடைத்த எழுதுகோலைக் கொண்டு, பேச முடியாத பெண்களுக்காகப் பேசினார். எல்லாம் கிடைத்த நாம் யாருக்காகப் பேசப் போகிறோம்? "மிகுதியாகப் பெற்றவரிடம் மிகுதியாகக் கேட்கப்படும்" என்பதே ஆண்டவர் இயேசுவின் போதனை. அதை மறவாதிருப்போமாக!