கொசுவர்த்திச் சுருள்

கொசுவர்த்திச் சுருள் என்பது கொசுக்களை விரட்டுவதற்காக வீட்டினுள் கொளுத்தி வைக்கப்படும், பூச்சிக்கொல்லி கலந்த சுருள் வடிவ வத்தி ஆகும். பேச்சுவழக்கில் இது கொசுவத்தி எனப்படும். தமிழ் வலைப்பதிவர்களிடையே "கொசுவத்தி சுற்றுதல்" என்பது பழைய நினைவுகளை அசைபோடுவதையும் குறித்தது. திரைப்படங்களில் கடந்தகாலக் காட்சிக்கு முன்னர் திரையில் சுழலும் வட்டங்களை ஒட்டி எழுந்த வழக்கு இது.

வரலாறு

ஒருவகைச் செவ்வந்திப் பூவிலிருந்து கிடைக்கும் பைரித்திரம் என்னும் பொடி பூச்சிகளைக் கொல்ல வல்லது. சப்பானியரான உவேயாமா எயிச்சிரோ 1890இல் இதனை ஊதுவத்தியாகச் செய்தார்; அது ஒரு மணி நேரம்கூட நின்று எரியவில்லை. சுருள் வடிவத்தை 1895இல் பரிந்துரைத்தவர் அவருடைய மனைவி யூக்கி. இவ்வடிவம் 1902இல் விற்பனைக்கு வந்தது. 1949இல் அமெரிக்க வேளாண் துறையின் வேதியியலாளர்கள் அல்லெத்ரின் என்னும் சேர்மத்தை ஆய்வகத்தில் உருவாக்கினர். அதன் பின்னர் பூப்பொடியின் இடத்தைச் செயற்கை வேதிப்பொருட்கள் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன.

உட்கூறுகளும் செயற்பாடும்

சுருளில் அல்லெத்ரின், டிரான்சுபுளூத்ரின் போன்ற பைரித்திராய்டு மருந்தின் அளவு பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சியவை மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைப் பொடி, மாவுப்பசை, சாயம் முதலியன. கனலும் முனைக்குச் சற்றுப் பின்னால் உள்ள வெப்பத்தில் மருந்து ஆவியாகிறது. இது பூச்சியின் நரம்புகளில் உள்ள சோடியம் வழிகளை மூடவிடாமல் தடுத்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. மனித உடல் இம்மருந்தை விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும்.

உடல்நல விளைவுகள்

மருந்தைப் பற்றியே பலரும் அஞ்சுகின்றனர். ஆனால் நுரையீரலுக்குப் பெரும் சுமையாவது எஞ்சிய 99 விழுக்காடு கனன்று தரும் புகையே. ஆகவே "மூலிகைச் சுருள்" என்ற பெயரால் மட்டும் புகையின் தீங்கு குறைந்துவிடாது.

சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட ஆறு வகைச் சுருள்களை ஆராய்ந்து 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுருள் முழுதும் எரியும்போது, 75 முதல் 137 வெண்சுருட்டுகள் வெளியிடும் அளவுக்கு 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள் வெளிப்படுவதாக அது கண்டது. புற்றுநோய் ஊக்கியான பார்மால்டிகைடு, 51 வெண்சுருட்டுகள் அளவுக்கு வெளிப்படக்கூடும் என்றும் அவ்வாய்வு கூறியது. நாளிதழ்கள் இதனை "ஒரு சுருள், நூறு சிகரெட்" என்று சுருக்கி எழுதுவது முழுச்சரியன்று. இவ்வெண்கள் வெளியாகும் அளவைக் குறிப்பனவே அன்றி உள்ளிழுக்கும் அளவை அல்ல. ஒருவர் உள்ளிழுக்கும் அளவு அறையின் பரப்பையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது.

சாளரம் அடைத்த அறையிலேயே சிக்கல் கடுமையாகிறது. இப்புகை இருமலையும் கண் எரிச்சலையும் உண்டாக்கும். ஈளை நோய் உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். ஒரு சுருள் ஏழெட்டு மணி நேரம், அதாவது ஏறத்தாழ உறங்கும் நேரம் முழுவதும் கனலும். நுண்துகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த 24 மணி நேரச் சராசரி வரம்பு, ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம்.

பெருங்குடியில்

சென்னையின் பெருங்குடி, பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் அமைந்துள்ளது. கழிவுநீரில் பெருகும் கியூலெக்சு கொசுவுக்கு இத்தகைய சூழல் ஏற்றது. சதுப்புநிலத்தை ஒட்டிய குப்பைக் கிடங்கில் 2022 ஏப்பிரலில் பற்றிய தீ சில நாட்கள் நீடித்தது. கொசுவுக்கும் வெளிப்புகைக்கும் அஞ்சிச் சாளரங்களை அடைத்துவிட்டு உள்ளே சுருளைக் கொளுத்தினால், வெளியே நிறுத்த எண்ணிய அதே நுண்துகள்கள் அறைக்குள்ளேயே உருவாகும். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசுவோ பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவுச் சுருள் அதற்கு எதிராக அவ்வளவாகப் பயன்படாது.

மாற்று வழிகள்

மின்சாரத்தால் சூடாகும் திரவ விரட்டிகள் புகைவதில்லை. ஆயினும் அடைத்த அறையில் மருந்தின் ஆவி தங்கும். அத்திரவத்தில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் உள்ளதால், குழந்தைகள் விழுங்கினால் அது நுரையீரலுக்குள் சென்று அழற்சியை உண்டாக்கலாம். அவ்வேளையில் வாந்தி எடுக்கச் செய்வது தவறு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கொசுவலை, சாளர வலை ஆகியவற்றால் புகையோ ஆவியோ எழுவதில்லை. கொசுக்கள் வலுவாகப் பறக்க இயலாதவை என்பதால் மின்விசிறியின் காற்றும் ஓரளவு உதவும். சுருளையே பயன்படுத்த நேர்ந்தால், உறங்குவதற்கு முன்னர் ஏற்றி, அணைத்து, சாளரத்தைத் திறந்து புகை வெளியேறிய பின்னர் படுக்கலாம்.