கண்டு கற்றல்

மாணவ நண்பர்களே! மனிதன் எவ்வாறு கற்கிறான் என்னும் வினாவுக்கு உளநூலார் தந்த விடை, கடந்த நூற்றாண்டில் எங்ஙனம் விரிந்தது என்பதை இன்று கூற விரும்புகிறேன்.

உள்ளத்தினுள் நிகழ்வதை ஒருவரும் காண இயலாது. ஆதலால் புறத்தே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்று 1913ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வாட்சன் எழுதினார். இதுவே நடத்தைக் கொள்கை. பின்வந்த ஸ்கின்னர், பயன் தந்த செயலையே உயிர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் என்பதை எலிகளையும் புறாக்களையும் கொண்டு காட்டினார். நடத்தைக்கு எண்ணத்தைக் காரணமாகக் கூற இக்கொள்கையில் இடமில்லை.

ஆனால் எலிகளே இதற்கு ஐயம் எழுப்பின. 1930ஆம் ஆண்டில் டோல்மன், ஹான்சிக் என்னும் இருவர், கிளைவழிகள் நிறைந்த புதிர்ப்பாதையில் சில எலிகளை உலவவிட்டனர். பத்து நாள் வரை பாதையின் முடிவில் இரை வைக்கவில்லை. பதினோராம் நாள் வைத்தனர். மறுநாளே அவ்வெலிகள் தவறு மிகக் குறைந்து விரைந்தோடின. பரிசு இல்லாத நாள்களிலும் அவை கற்றே இருந்தன! பாதையின் வரைபடம் அவற்றின் உள்ளத்தில் பதிந்திருந்தது என்றார் டோல்மன்.

மனிதருள்ளும் இதனைக் காணலாம். நான் வாழும் தாம்பரத்தில் ரயில் நிலையத்தைக் கவனித்ததுண்டு. தந்தை நடைமேம்பாலம் ஏறினால் குழந்தை அதனைக் கற்கிறது. அவர் தண்டவாளத்தின் குறுக்கே ஓடினால் அதனையும் கற்கிறது. எவரும் அதற்கு மிட்டாய் தருவதில்லை. கற்றதை அன்றே செய்யாவிடினும், தனியே பள்ளிக்குச் செல்லும் ஒருநாள் செய்யக்கூடும். உயிருக்கே இடர் அது.

இவ்வுண்மையைச் சோதித்தவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் பாண்டுரா. ஒருவர் பெரிய பொம்மையை அடிக்கும் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அடித்தவர் தண்டிக்கப்பட்டதைக் கண்ட குழந்தைகள் குறைவாகவே அவரைப் பின்பற்றினர். கண்டதைச் செய்து காட்டினால் பரிசு என்றதும், ஏனைய குழந்தைகளுக்கு இணையாகச் செய்து காட்டினர். 1965இல் வெளிவந்த இம்முடிவின் பொருள் யாது? பரிசும் தண்டனையும் செயலைத் தூண்டும், அல்லது தடுக்கும். கற்றலோ கண்டபோதே நிகழ்ந்துவிடுகிறது. கவனமும் நினைவும் இன்றி அது நிகழாது. இவ்வாறு எண்ணமும் சமூகமும் கற்றல் கொள்கையில் இடம்பெற்றன.

கேட்டும் கற்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1996, 1997ஆம் ஆண்டுகளில் அகில இந்திய வானொலி ‘தின்கா தின்கா சுக்’ என்னும் இந்தித் தொடர் நாடகத்தை ஒலிபரப்பியது. அதில் வரதட்சணைக் கொடுமையால் ஒரு பெண் மடிகிறாள். அதனைக் கேட்ட லுட்சான் என்னும் உத்தரப்பிரதேசச் சிற்றூரார், இனி வரதட்சணை கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்று எழுதிப் பலரும் கையொப்பமிட்டு வானொலிக்கு அனுப்பினர்.

நண்பர்களே, எவரைக் கண்டு நாம் கற்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் உங்கள் தம்பியும் தங்கையும் உங்களைக் கண்டு கற்கின்றனர் என்பதையும் மறவாதீர்கள்.