பதவி வேறு, மதிப்பு வேறு

சமூக அமைப்பில் ஒருவர் வகிக்கும் ஒவ்வோர் இடத்தையும் சமூகவியல் ‘தகுதிநிலை’ என்றும், அந்த இடத்துக்குரியதாகப் பிறர் அவரிடம் எதிர்பார்க்கும் நடத்தையைப் ‘பங்கு’ என்றும் அழைக்கிறது. பேச்சுவழக்கில் அந்தஸ்து என்றதும் உயர்வே நினைவுக்கு வரும். சமூகவியலிலோ மிராசுதாருக்கு இருப்பதைப் போலவே பண்ணையாளுக்கும் ஒரு தகுதிநிலை உண்டு. 1936இல் அமெரிக்க மானிடவியலாளர் ரால்ஃப் லிண்டன் இதனை இரண்டாகப் பகுத்தார்: பால், வயது, சாதி போலக் கேளாமலே வந்து சேர்பவை சார்த்தப்பட்ட தகுதிநிலைகள், படிப்பாலும் உழைப்பாலும் தேர்தல் வெற்றியாலும் பெறுபவை ஈட்டிய தகுதிநிலைகள். ஆனால் ஈட்டியது செல்லுபடியாகுமா என்பதை ஈட்டியவர் முடிவு செய்வதில்லை. அவரைச் சூழ்ந்துள்ள குழுவே முடிவு செய்கிறது.

குடும்பம், விளையாட்டுத் தோழர், அண்டை அயலார் என நேர்முகப் பழக்கத்தால் மனிதரை உருவாக்கும் கூட்டங்களை முதன்மைக் குழுக்கள் என்று 1909இல் சார்லஸ் கூலி குறிப்பிட்டார். அதற்குச் சற்று முன்னரே, 1906இல், வில்லியம் கிரஹாம் சம்னர் ‘நம்மவர்’ அடங்கிய அகக்குழுவையும் ‘மற்றவர்’ அடங்கிய புறக்குழுவையும் வேறுபடுத்திக் காட்டியிருந்தார். இந்த எல்லைக்கோட்டைத் தமிழ் தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது: கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கி நிறுத்தினால் ‘நாங்கள்’. ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுபவர் இவ்விரண்டில் எதைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே யார் உள்ளே, யார் வெளியே என்று அறிந்துவிடலாம்.

அந்தக் கோட்டைத் தலைமுறை தாண்டிக் கொண்டுசெல்வது பண்பாடு. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலியவற்றோடு, சமூகத்தின் உறுப்பினராக மனிதர் பெற்றுக்கொள்ளும் பழக்கங்கள் அனைத்தும் சேர்ந்த முழுமையே பண்பாடு என்று 1871இல் எட்வர்டு டைலர் வரையறுத்தார். கலையும் இலக்கியமும் மட்டுமல்ல, தேநீர்க் கடையில் சிலருக்கெனத் தனியே வைக்கப்பட்ட குவளையும், குடித்தபின் அதை அவர்களே கழுவி வைக்க வேண்டும் என்ற எழுதப்படாத விதியும் இவ்வரையறைக்குள் வருகின்றன. யாரைத் திண்ணையில் உட்காரச் சொல்கிறார்கள், யாரை வாசலிலேயே நிற்க விடுகிறார்கள் என்பதைப் பெரியவர்கள் வாய்திறந்து கற்பிப்பதில்லை. குழந்தை பார்த்தே கற்றுக்கொள்கிறது.

இவையெல்லாம் ஒரே ஊரில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைத் தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1961–62இல் தங்கி ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், அவ்வூருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு, சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றி 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று பிரிந்திருந்த அவ்வூரில் ஒரு காலத்தில் நிலமும் சாதி உயர்வும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன; அவர் சென்றபோதோ ஊராட்சி அதிகாரம் அக்கிரகாரத்தை விட்டுப் பிராமணரல்லாதாரிடம் போயிருந்தது. ஆனால் அது சேரி வரை சென்று சேரவில்லை.

சேரிக்கும் அந்த அதிகாரம் கிடைக்கச் சட்டம் வழி செய்தது. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் பயனாக ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கும் ஒதுக்கப்பட்டன. எனினும் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் அப்பதவி நிலைக்கவிடப்படவில்லை. வேட்புமனு தாக்கலாகாமல் தடுக்கப்பட்டது, அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். 2006இல்தான் தலைவர்கள் பொறுப்பில் நிலைத்தார்கள். அதே மாவட்டத்து மேலவளவிலோ, இவ்வாறு ஒதுக்கப்பட்ட பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஒருவரின் மற்ற எல்லா அடையாளங்களையும் விழுங்கிவிடும் ஒற்றை அடையாளத்தை, 1945இல் எவரெட் ஹியூஸ் எழுதியதையொட்டி, சமூகவியலாளர் தலைமைத் தகுதிநிலை என்கின்றனர். அதற்குச் சான்றாக, 2020இல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் நிழற்படம் ஒன்று பரவலாக வெளிவந்தது. அதில் மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார்.