எண் ஒன்று, விமானம் இரண்டு

உங்கள் தாத்தாவோ பாட்டியோ கப்பலேறி வந்தவர்கள் என்றால், ‘ரஜூலா’ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். பேராக் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்கள் பலர் சொல்லிக் கேட்ட பெயர் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று துறைமுகம் துறைமுகமாகத் தொட்டுச் செல்லும். வழியில் யார் ஏறினாலும், யார் இறங்கினாலும் கப்பல் மாறாது. பெயரும் ஒன்று, கப்பலும் ஒன்று.

விமான எண்ணையும் நாம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். என் பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்தார். இடைவழி நிலையத்தில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். “எண் ஒன்றுதானே, திரும்ப இதே இருக்கைக்குத்தானே வரப்போகிறோம்” என்று இன்சுலின் இருந்த பையை மேல்தட்டிலேயே விட்டுவிட்டார். அடுத்து ஏறியது வேறு விமானம். பை வந்த விமானத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டது.

தவறு எங்கே? விமான எண் என்பது இயந்திரத்தின் பெயர் அல்ல. அது சேவையின் பெயர். இயந்திரத்துக்கு உரிய பெயர் அதன் உடலில் எழுதியிருக்கும் பதிவெண். மலேசியாவில் பதிவான விமானம் என்றால் அது ‘9எம்’ என்று தொடங்கும். பள்ளிப் பேருந்து ‘மூன்றாம் எண் பஸ்’ என்று அழைக்கப்பட்டாலும், பழுதடைந்த நாளில் வேறு வண்டி அதே எண் அட்டையை மாட்டிக்கொண்டு வருவதில்லையா? அதைப் போலத்தான் இதுவும்.

விமான நிறுவனத்தின் கணினி இதை எப்படிக் கணக்கு வைக்கிறது என்று பாருங்கள். ஒரு புறப்பாட்டிலிருந்து ஒரு தரையிறக்கம் வரை உள்ளதைப் ‘பறப்பு’ என்போம். ஒரு பயணி ஏறும் ஊரிலிருந்து இறங்கும் ஊர் வரை உள்ளதைப் ‘பயணம்’ என்போம். 2017இல் ஏர்ஏசியா எக்ஸ், கோலாலம்பூரிலிருந்து ஒசாக்கா வழியாக ஹொனலூலுவுக்குச் சேவை தொடங்கியது. அதில் பறப்புகள் 2. ஆனால் விற்கக்கூடிய பயணங்கள் 3: கோலாலம்பூர்–ஒசாக்கா, ஒசாக்கா–ஹொனலூலு, கோலாலம்பூர்–ஹொனலூலு. ரஜூலாவின் ஐந்து துறைமுகங்களுக்கு 4 கட்டங்கள், ஒரு திசையில் மட்டும் 10 பயணங்கள். ஊர்களின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் விடை வந்துவிடும்.

கோலாலம்பூரிலிருந்து ஹொனலூலுவுக்கு ஒருவர் சீட்டு வாங்கினால், இரண்டு பறப்பிலும் ஓர் இடம் குறைய வேண்டும். ஆகவே கணினி ஒவ்வொரு பறப்பையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. நிறுவனக் குறியீடு, எண், தேதி, புறப்படும் நிலையம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பறப்பு அடையாளமாகும். எந்த விமானம் பறக்கப்போகிறது என்பது வேறொரு கட்டத்தில் எழுதப்படும் தகவல். முதல் பறப்புக்கு ஒரு விமானத்தையும் இரண்டாவதற்கு இன்னொன்றையும் எழுதினால் கணினிக்கு ஆட்சேபம் இல்லை.

அப்படி எழுதியும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் 2020க்கு முன்பு ‘கியூஎஃப் 11’ என்ற எண்ணில் சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஏ380 என்ற பெரிய விமானத்தை இயக்கியது. அதே எண்ணில் நியூயார்க்குக்குச் சென்றது அதைவிடச் சிறிய விமானம்.

ஏன் இரண்டு எண் கொடுக்கவில்லை? ஒரு காரணம் பற்றாக்குறை. விமான எண் நான்கு இலக்கத்தைத் தாண்டாது. கூட்டு நிறுவனங்களின் விமானங்களுக்கும் அதிலிருந்தே எண் ஒதுக்க வேண்டும். இன்னொரு காரணம் வியாபாரம். பயண முகவரின் திரையில், ஒரே எண் கொண்ட சேவை, மாறிச் செல்லும் சேவைக்கு மேலே வந்து நிற்கும். மேலே இருப்பது முதலில் விற்கும். பயணிகள் ஏமாறக்கூடாது என்றுதான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1999இல் ஒரு விதி கொண்டுவந்தது. நடுவில் விமானம் மாறுமானால், சீட்டுப் பதிவு செய்வதற்கு முன்பே பயணியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த விதி.

முதல் விமானம் மிகவும் தாமதமானால் இன்னொரு சிக்கல். அது இன்னும் வானில் இருக்கும்போதே, அதே எண்ணோடு இரண்டாம் விமானம் கிளம்பிவிடலாம். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வானொலியில் விமானங்களை அந்த எண்ணை வைத்தே கூப்பிடுவது வழக்கம். ஒருவருக்குச் சொன்ன கட்டளையை இன்னொரு விமானி தனக்கென்று எடுத்துக்கொண்டால் விபரீதம். அதனால் ஒன்றுக்கு வேறு எண் தருவார்கள், அல்லது ஓர் எழுத்தைக் கூட்டுவார்கள். பழைய எண்ணையே திரையில் தேடிக்கொண்டிருக்கும் பயணி குழம்பிப் போவார்.

ஆகவே அடுத்த முறை பெரியவர்களை வழியனுப்பும்போது மூன்றைக் கேட்டு வையுங்கள். நடுவில் விமானம் மாறுமா? பெட்டியில் ஒட்டிய சீட்டில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா? முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருக்கிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்குப் போகிறவருக்கு இரண்டு விமான எண்கள் இருக்கலாம். ஒரே முன்பதிவு என்றால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்தது தவறினாலும் மாற்று வழி செய்து தரும்படி நிறுவனத்தைக் கேட்கலாம். தனித்தனியாக வாங்கிய சீட்டு என்றால் இரண்டாவது சீட்டு வீணாகிவிடலாம். உங்களைக் காப்பது முன்பதிவு எண், விமான எண் அல்ல.

இறங்கச் சொன்னால், மருந்தும் கடப்பிதழும் கையோடு இறங்கட்டும். பெரியம்மா இப்போது இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்கிறார்.