ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய கார்: எப்படி நின்றது என்பதிலேயே இருக்கு காரணம்!

மண்டபம் தாண்டி பாம்பன் பாலத்தில் ஏறுறீங்க. ஆக்ஸிலேட்டரை மிதிச்சாலும் வண்டி இழுக்கல. ரெண்டு உதறு உதறிட்டு இன்ஜின் ஆஃப். 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இருவழிப் பாலம், பின்னால் பஸ் வேற வருது. என்ன செய்வது?

முதலில் பாதுகாப்பு

ஹசார்டு லைட்டைப் போடுங்க. ஓடும் வண்டியில் சாவியை உருவாதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆகிடும். இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் கனமாகும். பிரேக் ஒன்றிரண்டு முறைதான் வழக்கம்போல் பிடிக்கும். அதன்பின் பலமாக மிதிக்கணும். எனவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம்கட்டுங்க. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

எப்படி நின்றது?

* மெல்ல இழுவை குறைந்து, திணறி நின்றால்: பெட்ரோல் சரியாகப் போகல. ஃபியூயல் ஃபில்டர் அடைப்பு, பலவீனமான பம்ப், டேங்க் துரு காரணமாகலாம். டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம்.
* சுவிட்ச் போட்டதுபோல் சட்டென நின்றால்: மின்சாரக் கோளாறு. டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், இக்னிஷன் சுவிட்சைப் பாருங்க.
* அரை மணி நேரம் ஆறியபின் ஸ்டார்ட் ஆனால்: சூட்டில் மக்கர் செய்யும் கிராங்க் சென்சார், இக்னிஷன் காயில் அல்லது பம்ப் மீது சந்தேகம்.
* சிக்னலில் மட்டும் நின்றால்: த்ராட்டில் பாடி அழுக்கு அல்லது வேக்யூம் ஹோஸ் கசிவு.

கடலோரத்தில் கூடுதல் கவனம் ஏன்?

ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் உப்புக் காற்று ஒயர் இணைப்புகளை அரிக்கும். டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அங்கே கரண்ட் சரியாகப் பாயாது. அரிச்சல்முனை சாலையில் பறக்கும் மணல் ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும்.

இன்னொன்று, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் கார் என்றால் டேங்கில் தண்ணீர் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

செலவு எந்த வரிசையில்?

எடுத்த எடுப்பில் பம்பை மாற்றாதீங்க. டெர்மினல், எர்த் சுத்தம் செய்வது முதல் வேலை. அடுத்து ஏர் ஃபில்டர், ஃபியூயல் ஃபில்டர். அதன்பின் பம்ப் பிரஷரை கேஜ் வைத்து அளக்கணும். செக் இன்ஜின் லைட் உள்ள கார் என்றால் ஸ்கேனர் மாட்டி கோடு பார்க்கணும்.

மெக்கானிக்கிடம் 'வண்டி நிக்குது' என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், என்ன வேகத்தில், சூடாக இருந்தபோதா, எத்தனை நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆனது... இந்த நாலையும் போனில் குறித்து வைத்துச் சொல்லுங்க. தேவையில்லாத பாகத்துக்குப் பணம் போவது நிற்கும்.